பானைக்குள் பாசி வளர்த்தவர்

எங்க பாச்சலூர்ல மழை விட்டா, பாறைக் குழியில தேங்கின தண்ணி கொஞ்ச நாள்லயே பச்சையாயிடும். பாசின்னா வழுக்கி விழ வைக்கிற சமாச்சாரம், நமக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். அதைக் குழந்தைங்க தட்டுக்குக் கொண்டு போன ஒரு கெமிக்கல் இன்ஜினியர் நம்ம ஊர்ல இருந்தார்.

சி.வி. சேஷாத்ரி, பிறந்தது 1930. அமெரிக்காவில் முனைவர் பட்டம், கான்பூர் ஐ.ஐ.டி.யில் பேராசிரியர். அதோடு நின்றிருந்தாலே பெரிய ஆள்தான். அதை விட்டுட்டு, 1970களில் சென்னை தரமணியில் முருகப்பா செட்டியார் ஆராய்ச்சி மையத்தைக் கட்டி எழுப்பினார். சாண எரிவாயு, காற்றாலை, மீனவர்களுக்கான வேலைகள் எனப் பலதும் அங்கே நடந்தன. அதிகம் பேசப்பட்டது ஸ்பைருலினா.

காய்ந்த ஸ்பைருலினாவில் பாதிக்கு மேல் புரதம். கூடவே பீட்டா கரோட்டின், நீல நிற ஃபைகோசயனின். தொழிற்சாலை முறையில் இதை வளர்க்கணும்னா சிமென்ட் தொட்டி, எந்நேரமும் சுற்றும் துடுப்பு, கடைசியில் டிரையர். கரண்ட் பில் எகிறுவதே இங்கேதான். அந்த மையம் காட்டிய வழி மண்பானை. கழுத்துவரை பூமியில் புதைத்த பானையில் எரிவாயுக் கலனின் சாணக் கரைசல், கொஞ்சம் உப்பு, சமையல் சோடா, விதையாகக் கொஞ்சம் பாசி. வெயிலில் ஒரு நாளைக்கு மூணு நாலு தடவை கிளறணும். மூணு நாலு நாளில் துணியில் வடிகட்டி, நல்ல தண்ணியில் அலசி (சாணக் கரைசலாச்சே, இதில் சோம்பல் கூடாது), ஈரமாகவே சட்னியிலோ பருப்பிலோ கலந்துடலாம். மோட்டார் இல்லை, டிரையர் இல்லை.

புதுக்கோட்டைப் பக்கம் பள்ளி செல்லாத வயதுக் குழந்தைகள் 5,000 பேருக்குத் தினம் 1 கிராம் வீதம் 150 நாள் கொடுத்துப் பார்த்தார்கள். வைட்டமின் ஏ குறைவால் கண்ணில் வரும் புள்ளிகள் நன்றாகக் குறைந்ததாக 1993 அறிக்கை சொல்கிறது.

தெர்மோடைனமிக்ஸில் அரியர் வச்சவங்களுக்கு ஒரு ஆறுதல்: அவரும் அந்தப் பாடத்தோடு சண்டை போட்டவர்தான், நல்லாப் படிச்சுட்டு! நாம் கணக்கிடும் எஃபிஷியன்சி நீராவி எஞ்சினுக்காகப் பிறந்தது. சாதாரண வெப்பநிலையில் வெயிலை வச்சே நடக்கும் விவசாயத்தை அது மட்டமாகக் காட்டுகிறது என்பது அவர் வாதம். மாற்று அளவுகோலுக்கு அவர் வைத்த பெயர் சக்தி. அது பாடப்புத்தகம் ஏறவில்லை. ஏறியிருந்தால் இன்னிக்குக் கடையில் விற்கிற பாசி மாத்திரைக்கும் கரண்ட் கணக்கு கேட்டிருப்போம்.

1995இல் காலமானார்.

பாச்சலூர் குளிருக்கு ஸ்பைருலினா சரிப்படாது. அதுக்கு 35 டிகிரி சூடும் காரத் தண்ணியும் வேணும். லீவுக்கு ஒட்டன்சத்திரத்துல ஒரு பானை புதைக்கலாம்னு பயோடெக் நண்பன்கிட்ட சொல்லி வச்சிருக்கேன்.