எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா

எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா (மே 11, 1930 – ஆகஸ்ட் 6, 2002) நெதர்லாந்தைச் சேர்ந்த கணினி அறிவியலாளர் ஆவார். தரவுக் கட்டமைப்புகளையும் படிமுறைத் தீர்வுகளையும் பயிலும் மாணவர்கள் எழுதிப் பார்க்கும் பயிற்சிக் கணக்குகள் சில இவர் ஆக்கியவை. 1972 ஆம் ஆண்டுக்கான டூரிங் விருதைப் பெற்றார்.

வாழ்க்கை

ராட்டர்டாமில் பிறந்தார். லைடன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பயின்றுகொண்டே, 1952 முதல் ஆம்ஸ்டர்டாம் கணித மையத்தில் நிரலராகப் பணியாற்றினார். நிரலாக்கம் ஒரு துறையாகவே மதிக்கப்படாத காலம் அது. 1957 இல் திருமணப் பதிவின்போது நிரலர் என்ற தொழிலை நகராட்சியினர் ஏற்கவில்லை. கோட்பாட்டு இயற்பியலாளர் என்றே பதிவாயிற்று. 1962 முதல் ஐந்தோவனிலும், 1984 முதல் 1999 வரை ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்திலும் பேராசிரியராக இருந்தார்.

குறும்பாதைத் தீர்வு

1956 இல் ஆர்மாக் என்னும் புதிய கணினியின் திறனைப் பொதுமக்களுக்கு விளக்க எளிய கணக்கு ஒன்று தேவைப்பட்டது. இரு ஊர்களுக்கிடையே மிகக் குறுகிய வழி எது என்பதை இவர் தேர்ந்தெடுத்தார். தேநீர்க் கடையொன்றில் அமர்ந்து, தாளும் எழுதுகோலும் இன்றி, ஏறக்குறைய இருபது நிமிடங்களில் தீர்வைக் கண்டார். செயல்விளக்கத்துக்கு 64 நகரங்கள் கொண்ட வரைபடம் பயன்பட்டது.

தொடக்க ஊரிலிருந்து தொலைவு இன்னும் உறுதியாகாத ஊர்களுள் மிக அண்மையிலுள்ளதை எடுத்து உறுதி செய்து, அதன் வழியே அண்டை ஊர்களின் தொலைவு குறைகிறதா எனத் திருத்துவதே முறை. பாதை நீளம் எதிர்மமாக இருந்தால் இது பொருந்தாது; மாணவர்கள் பெரும்பாலும் இடறும் இடம் இதுவே. 1959 இல் வெளியான மூலக்கட்டுரை மூன்று பக்கங்களே கொண்டது. முன்னுரிமை வரிசையைக் கொண்டு இதனை விரைவாக்கும் முறை பின்னர் வந்தது.

பிற கணக்குகள்

சிவப்பு, வெள்ளை, நீல நிறப் பொருள்களை ஒரே சுற்றில் நிறவாரியாகப் பிரிக்கும் டச்சுக் கொடிக் கணக்கும் இவருடையது. 1965 இல் தேர்வு வினாவாக இவர் அமைத்த மற்றொன்றில், ஐந்து கணினிகள் நாடாக் கருவிகளுக்காகப் போட்டியிடும். அதுவே பின்னாளில் உணவருந்தும் மெய்யியலாளர் கணக்கு எனப் பெயர் பெற்றது.

கற்பித்தல்

நிரலை ஓட்டிப் பார்த்து, பிழை கண்டு, திருத்திக்கொண்டே போவதை இவர் ஏற்கவில்லை. நிரல் சரியென்னும் நிறுவலும் நிரலோடு சேர்ந்தே உருவாக வேண்டும் என்றார். முதலாண்டு மாணவர்களுக்கு, வளாகத்தில் எந்தக் கணினியிலும் ஓடாத மொழி ஒன்றிலேயே நிரலாக்கம் கற்பிக்கலாம் என 1988 இல் எழுதினார். இது இன்றைய பயிற்சி முறைக்கு நேர்மாறானது. நடைமுறைக்கு ஒவ்வாதது என்று மறுத்தோரும் உண்டு. இவரோ தம் குறிப்புகள் பலவற்றை ஊற்றுப்பேனாவால் கைப்பட எழுதி, படியெடுத்து நண்பர்களுக்கு அனுப்பி வந்தார். அவை 1,300க்கும் மேற்பட்டவை.