கருவின் திசை கண்ட ஹான்ஸ் ஸ்பெமன்

மனித உடலின் புறத்தோற்றத்தில் இடமும் வலமும் ஒத்திருக்கின்றன. உள்ளுறுப்புகளோ அவ்வாறில்லை. இதயம் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. கல்லீரலின் பெரும்பகுதி வலப்பக்கம் அமைந்திருக்கிறது. உருண்டையான முட்டையிலிருந்து வளரும் கரு, தன் இடத்தையும் வலத்தையும் எவ்வாறு அறிகிறது? இவ்வினாவைச் சோதனை வழியே அணுகிய முன்னோடிகளுள் ஒருவர் ஹான்ஸ் ஸ்பெமன்.

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் 1869ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள் ஸ்பெமன் பிறந்தார். பள்ளிக் கல்விக்குப்பின் தந்தையின் நூல் வணிகத்தில் சிலகாலம் பணியாற்றினார். 1891இல் ஹைடெல்பெர்க் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலத் தொடங்கினார். பின்னர் விலங்கியலில் நாட்டம் கொண்டு, வூர்ட்ஸ்பர்க்கில் தியோடர் போவரியிடம் ஆய்வு செய்து 1895இல் முனைவர் பட்டம் பெற்றார்.

அடுத்த ஆண்டே காசநோய் அவரை ஓய்வில் கிடத்தியது. அந்நாள்களில் ஆகஸ்ட் வைஸ்மனின் நூலை அவர் படித்தார். செல்கள் பிரியும்போது மரபுக்கூறுகளும் பங்கிடப்படுகின்றன என்பது வைஸ்மனின் கருத்து. அதனைச் சோதித்தறிய ஸ்பெமன் உறுதிகொண்டார்.

ஆய்வுக்கு அவர் தேர்ந்தது நியூட் என்னும் வாலுள்ள இருவாழ்வியின் முட்டை. கருவியோ பச்சிளங்குழந்தையின் தலைமயிர். மயிரால் முட்டையைச் சுருக்கிட்டு இரண்டாகப் பிரித்தார். சில முட்டைகளின் இரு பாதிகளும் முழு உயிர்களாயின. வேறு சிலவற்றில் ஒரு பாதி மட்டுமே உயிராக வளர, மற்றொன்று வெறும் வயிற்றுத் திசுவாக நின்றது. கருவை உருவாக்கும் ஆற்றல் ஒரு குறிப்பிட்ட பகுதியில் உறைகிறது என்பதை இது உணர்த்தியது.

இவ்வாறு பிறந்த இரட்டையர்களை ஸ்பெமனும் ஃபால்கென்பெர்க்கும் ஆராய்ந்து, 1919இல் முடிவுகளை வெளியிட்டனர். இடப்பக்க உயிர்களின் உள்ளுறுப்புகள் இயல்பாக இருந்தன. வலப்பக்க உயிர்களுள் ஏறத்தாழப் பாதியில் அவை இடம்வலம் மாறியிருந்தன. பக்க வேறுபாடு கருவின் இளம் பருவத்திலேயே தொடங்குவதை இச்சோதனை காட்டியது.

அதே ஆண்டில் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். அங்கு அவருடைய மாணவி ஹில்டே மங்கோல்டு, ஒரு கருவின் முதுகுப்புற உதட்டுத் திசுவை நிறம் வேறுபட்ட மற்றொரு கருவில் பொருத்தினார். அத்திசு, ஏற்ற கருவின் செல்களையும் பணிகொண்டு இரண்டாவது உடலை உருவாக்கியது. பல கருக்கள் மடிந்தன. பிழைத்த மிகச் சிலவே சான்றாயின. அப்பகுதிக்கு ‘அமைப்பாக்கி’ என ஸ்பெமன் பெயரிட்டார். இருவர் பெயரிலும் கட்டுரை வெளியான 1924இலேயே, வீட்டில் நேர்ந்த தீ விபத்தில் மங்கோல்டு 25 வயதில் உயிரிழந்தார்.

1935இல் இக்கண்டுபிடிப்புக்காக நோபல் பரிசு ஸ்பெமனுக்கு வழங்கப்பட்டது. அவர் 1941 செப்டம்பர் 9ஆம் நாள் மறைந்தார். அரை நூற்றாண்டுக்குப்பின், 1998இல் எலிக் கருவில் நுண்ணிழைகளின் சுழற்சி, திரவத்தை இடப்பக்கம் ஓடச்செய்வதை ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டனர். ஓர் ஆசிரியரும் இளம் மாணவியும் திறந்த வழியில் ஆய்வு இன்றும் தொடர்கிறது.