மறந்துடு என்று சொல்லாத டாக்டர்

ஊட்டி பொட்டானிக்கல் கார்டன் போயிருக்கீங்களா? மேலே ஏறிப் போனால் தோடர்களின் மந்து ஒன்று இருக்கும். நாலு போட்டோ எடுத்துட்டு இறங்கி வந்திருப்பீங்க. அந்த மக்களைப் பற்றி 1906-லேயே ஒரு தடிமனான புத்தகம் போட்டவர் இங்கிலாந்து டாக்டர் டபிள்யூ.ஹெச்.ஆர். ரிவர்ஸ். இது அவருடைய கதை. ஆனால் கதையின் முக்கியமான பகுதி ஊட்டியில் இல்லை. பத்து வருஷம் கழித்து, போரில் நண்பனைப் பறிகொடுத்து உடைஞ்சு போன இளைஞர்கள் எதிரில் அவர் உட்கார்ந்த இடத்தில் இருக்கிறது.

பிறந்தது 1864-ல், கென்ட் பகுதியில். அப்பா பாதிரியார். திக்குவாய்க்குச் சிகிச்சையும் கொடுத்தவர். வேடிக்கை என்னன்னா, மகனுக்கே திக்குவாய்! அது அவரை முழுசா விட்டுப் போகவே இல்லை. மருத்துவம் படித்தார், கப்பலில் டாக்டராக இருந்தார், பிறகு கேம்பிரிட்ஜில் பாடம் நடத்தினார். 1903-ல் ஹென்றி ஹெட் என்ற நண்பர் தன் கை நரம்பை வேண்டுமென்றே வெட்டிக்கொள்ள, உணர்ச்சி எப்படித் திரும்புகிறது என்று ரிவர்ஸ் நாலு வருஷம் சோதித்துக் குறித்து வைத்தார். நம்ம லேப் ரெக்கார்டை நினைத்தால் வெட்கமா இருக்கு.

நீலகிரிக்கு வந்தது 1901-02-ல். தோடர்கள் இறந்தவருக்கு இரண்டு முறை சடங்கு செய்வார்கள். உடலை எரிக்கும்போது ஒன்று, காலம் கழித்து இன்னொன்று. வந்தவர்கள் இருவர் இருவராக நெற்றியோடு நெற்றி வைத்து அழுவார்கள். ரிவர்ஸ் இதையெல்லாம் பொறுமையாக எழுதி வைத்தார். துக்கத்துக்கு நேரமும் துணையும் ஒதுக்கி வைத்திருந்த ஊர் அது.

அவருடைய சொந்த நாட்டில் நிலைமை வேறு. முதல் உலகப்போர் வந்தது. உடம்பில் காயமே இல்லாமல் பேச்சு போனவர்கள், நடுங்குபவர்கள், தூங்கப் பயப்படுபவர்கள் என்று ஆயிரக்கணக்கில் திரும்பி வந்தார்கள். ஷெல் ஷாக் என்று பெயர் வைத்தார்கள். சில இடங்களில் கரண்ட் வைத்துப் பேச வைத்தார்கள். மற்றபடி எல்லோரும் கொடுத்த அறிவுரை நமக்கும் பழக்கமானதுதான்: அதையே நினைக்காதே, மனசை வேற பக்கம் திருப்பு.

1916-ல் ஸ்காட்லாந்தின் கிரெய்க்லாக்ஹார்ட் மருத்துவமனைக்கு ரிவர்ஸ் வந்தார். அங்கே ஓர் இளம் ஆபீசர். போர்க்களத்தில் நண்பனைத் தேடிப் போனவர், அவன் உடல் குண்டில் சிதறிக் கிடந்ததைப் பார்த்தார். அன்றிலிருந்து ராத்திரி ஆனால் அதே காட்சி. வேர்த்துக் கொட்டி எழுவார். மறக்கச் சொல்லியிருந்தார்கள். பகலெல்லாம் அந்தக் காட்சியை விரட்டுவதே வேலை. ராத்திரி அது திரும்பி வந்துவிடும்.

ரிவர்ஸ் விரட்டச் சொல்லவில்லை. அந்தக் காட்சியையே இருவரும் சேர்ந்து பார்த்தார்கள். உடல் அப்படிச் சிதறியிருந்தால் உயிர் அந்த நொடியே போயிருக்கும், நண்பன் கிடந்து துடிக்கவில்லை என்பதை எடுத்துக்காட்டினார். பொய் ஆறுதல் இல்லை, உண்மையிலேயே அங்கே இருந்த ஒரு விஷயம். சில நாட்கள் கனவு வரவில்லை. பிறகு வந்தது. அதில் அவர் நண்பன் பக்கத்தில் மண்டியிட்டு, வீட்டாருக்குக் கொடுப்பதற்காக அவன் பெல்ட்டைக் கழற்றுகிறார். நிஜத்திலும் அதைச் செய்தவர்தான். எழுந்தபோது பயம் இல்லை, மெதுவாக அழுதுகொண்டிருந்தார். பயம் விலகிய பிறகுதான் துக்கத்துக்கே இடம் கிடைத்தது. அடுத்து வந்த ஒரு கனவிலும் நண்பன் சிதைந்த உடலோடுதான் வந்தான், ஆனால் பயமுறுத்தவில்லை. இருவரும் பேசினார்கள்.

எல்லோருக்கும் இது நடந்ததா? இல்லை. குண்டு வெடிப்பில் தூக்கி எறியப்பட்டு, அழுகிய பிணத்தின் மேல் முகம் பதிய விழுந்த இன்னொருவருக்கு அடிக்கடி வாந்தி வந்தது. அந்த அனுபவத்தில் பிடித்துக்கொள்ள நல்லதாக ஒரு துரும்புகூட ரிவர்ஸுக்குக் கிடைக்கவில்லை. வலிந்து எதையும் சொல்லவும் இல்லை. ராணுவத்தை விட்டு, முன்பு கொஞ்சம் நிம்மதி தந்த கிராமப்புறத்துக்கே போகச் சொன்னார். தோற்ற கேஸ் என்று மூடி மறைக்காமல், 1917 டிசம்பரில் மருத்துவர்கள் முன் வாசித்த கட்டுரையில் இதையும் சேர்த்தார். எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது இங்கேதான்.

ஒரு சிக்கலும் இருந்தது. அவர் ராணுவ கேப்டன். குணமானவர்களை மறுபடி போருக்கு அனுப்புவதும் அவர் கடமை. கவிஞர் சீக்ஃப்ரீட் சசூன் போரை எதிர்த்து அறிக்கை விட்டதும், மனநலம் சரியில்லை என்று 1917 ஜூலையில் இங்கேதான் அனுப்பினார்கள். மாதக்கணக்கில் பேசினார்கள். கடைசியில் சசூன் போர்முனைக்கே திரும்பினார். 1918-ல் தலையில் குண்டடி பட்டது, பிழைத்தார். இந்தக் கணக்கு ரிவர்ஸை உறுத்தத் தொடங்கியிருந்தது.

போருக்குப் பிறகு கூச்சம் குறைந்து மாணவர்களோடு நிறையப் பழகினார். லேபர் கட்சி சார்பில் நாடாளுமன்றத் தேர்தலுக்கும் நிற்கவிருந்தார். அதற்குள் 1922 ஜூன் 4 அன்று, குடலிறக்கம் முற்றி இறந்துபோனார். வயது 58.

சசூன் பிறகு தன் வாழ்க்கையை நாவல்களாக எழுதினார். தன் பெயரைக்கூட மாற்றிக்கொண்டவர், ரிவர்ஸ் பெயரை மட்டும் அப்படியே வைத்தார்.