வெள்ளிக்கிழமை மாலைகளின் வீணை

எழுதிய கவிதை ஏட்டில் நிற்கும். செதுக்கிய சிற்பம் கல்லில் நிற்கும். பாடிய பாட்டோ பாடிய பொழுதோடு காற்றில் கரைந்துவிடும். அங்ஙனம் கரைந்துபோன கச்சேரிகளுள், இன்னும் ஒருமுறை கேட்கக் கிடைக்காதா என்று இசையன்பர்கள் ஏங்குவன சில உண்டு. சென்னை ஜார்ஜ் டவுனில், இராமகிருஷ்ண செட்டித் தெருவில், தம் இல்லத்தில் வெள்ளிக்கிழமைதோறும் வீணை தனம்மாள் நிகழ்த்திய மாலைக் கச்சேரிகள் அவற்றுள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவை. அங்கு மேடை இல்லை; ஒலிபெருக்கி இல்லை; மிருதங்கமும் இல்லை. ஒரு வீணையும், அதனோடு இழைந்த ஒரு குரலும், மூச்சடக்கிக் கேட்கும் ஒரு சிறு கூட்டமுமே இருந்தன.

தனம்மாள் 1867ஆம் ஆண்டு பிறந்தார். பாட்டியார் காமாட்சியம்மாள் தஞ்சை அவையில் ஆடலால் புகழ்பெற்றவர். அன்னையார் சுந்தரம்மாள் சிறந்த பாடகி. சியாமா சாஸ்திரியாரின் இசை மரபோடு அக்குடும்பத்திற்கு நெருங்கிய தொடர்பு இருந்தது. தஞ்சை அரசு மறைந்து கலைஞர் பலர் புரவலரை நாடிச் சென்னைக்கு வந்த காலம் அது. அரண்மனையில் வளர்ந்த கலை, வணிகர் தெருக்களில் ஒரு வீட்டின் கூடத்தில் தஞ்சம் புகுந்தது.

அவர் ஓர் ஆசிரியரோடு அமைந்துவிடவில்லை. சாத்தனூர் பஞ்சநதையரிடம் முத்துசாமி தீட்சிதரின் கீர்த்தனங்களைப் பயின்றார். கண்பார்வையற்ற இசைஞரான வாலாஜாபேட்டை பாலதாஸ் நாயுடுவிடம் சேத்ரக்ஞரின் பதங்களைக் கற்றார். தருமபுரி சுப்பராயரின் ஜாவளிகள் அவ்வீட்டில் தனிச்சிறப்போடு வழங்கின. தெலுங்குப் பதங்களோடு கனம் கிருஷ்ணையர், வைத்தீசுவரன்கோயில் சுப்பராமையர் ஆகியோரின் தமிழ்ப் பதங்களும் அக்குடும்பத்தின் செல்வமாயின. எதையும் மேம்போக்காகக் கற்காமல், ஒரு பாடலை அதன் நுணுக்கமெல்லாம் கைவரும்வரை பயில்வதே அங்கு முறையாக இருந்தது.

வீணையை அவர் மீட்டிய வகை தனியானது. விரலில் கம்பி வளையம் எதுவும் அணியாமல் வெறும் விரலாலேயே மீட்டினார். அதனால் ஒலி சிறுத்தது. ஆயின் அதன் மென்மை பெருகியது. வீணையில் ஒருமுறை மீட்டிய நாதம் மெல்ல மெல்லத் தேயும் இயல்புடையது. அது தேய்ந்து மறையுமுன் மெட்டின்மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து, அடுத்தடுத்த சுரங்களை அந்த ஒரே மீட்டிலிருந்து பிறப்பிக்க வேண்டும். பதங்களோ மிகத் தாழ்ந்த காலத்தில் நடப்பவை. நாதம் தேய்கின்ற அந்த இடைவெளியிலேதான் தனம்மாளின் கலை வாழ்ந்தது. தந்தியின் ஒலி ஓயுமிடத்தில் அவர் குரல் தொடரும். குரல் அடங்குமிடத்தில் தந்தி பேசும். அவ்விடைவெளியைக் கேட்க நிசப்தம் வேண்டும். சிறு சலசலப்பும் அவருக்குப் பொறுக்காது என்பர்.

அக்கூடத்தில் வந்து அமர்ந்தவருள் பெரும் வித்துவான்களும் இருந்தனர். ஆயிரவரை மகிழ்விக்க வல்லவர்கள் அங்கு மாணாக்கரைப் போல் வாய்மூடி அமர்ந்து, ஓர் இராகத்தின் உருவம் சில சுரங்களுக்குள்ளேயே முழுமையாய் எழுவதைக் கேட்டனர்.

வெளியே காலம் மாறிக்கொண்டிருந்தது. 1928இல் சென்னையில் மியூசிக் அகாதெமி தோன்றியது. சபைகள் பெருகின, அரங்குகள் விரிந்தன, பின்னர் ஒலிபெருக்கியும் வந்தது. பெரிய கூட்டத்துக்கேற்ற பெரிய குரலும் விரைந்த நடையும் மதிப்புப் பெற்றன. தனம்மாள் தம் வீணையின் ஒலியை அதற்காகப் பெருக்கவில்லை. தம் பதங்களின் நடையை விரைவுபடுத்தவுமில்லை. இதற்கு அவர் கொடுத்த விலை சிறிதன்று. பெரிய குடும்பத்தைத் தாங்கிய அவருக்குப் பிற்காலத்தில் வறுமை நேர்ந்தது. கண்பார்வையும் மங்கி மறைந்தது. அவர் பிறந்த தேவதாசி மரபின்மீது சமூகத்தின் கண்டனமும் வலுத்து வந்தது. கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டும் வழக்கம் சென்னை மாகாணத்தில் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தது. பெண்களின் துயரைத் துடைக்க எழுந்த அச்சீர்திருத்தம் வேண்டுவதே. எனினும் அம்மரபுப் பெண்கள் பேணிய கலையைப் போற்றியவர்கள் அனைவரும் அப்பெண்களையும் அவ்வாறே போற்றினர் என்று சொல்லுதற்கில்லை. இசையைக் கேட்கக் குவிந்த செவிகள், இசைத்தவரின் வாழ்வுக்கு அத்துணை எளிதில் திறக்கவில்லை.

1938ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் தனம்மாள் மறைந்தார். வெள்ளிக்கிழமை மாலைகளும் அவரோடு முடிந்தன. முதுமையில் அவர் வாசித்த சில இசைத்தட்டுகள் எஞ்சியுள்ளன. ஒரு பக்கத்திற்கு மூன்று நிமிட அளவே கொள்ளும் அத்தட்டுகளில், காலத்தை மறந்து விரிந்த ஒரு கலை எவ்வாறு அடங்கும்? இரைச்சலுக்கு நடுவே அவ்விரலின் சாயல் தெரிகிறது. அக்கூடத்தின் நிசப்தம் அதில் பதியவில்லை.

ஆயினும் அவர் மரபு அறவே அழிந்துவிடவில்லை. மகள் காமாட்சியின் மக்களாகிய பிருந்தாவும் முக்தாவும் அப்பதங்களை அதே தாழ்ந்த நடையில் காத்தனர். மகள் ஜெயம்மாளின் மகள் பாலசரசுவதி 1925இல், ஏழு வயதில், காஞ்சிபுரத்தில் அரங்கேறி, பாட்டியார் வீணையில் இசைத்த பதங்களுக்கு முகத்தாலும் கையாலும் உருக்கொடுத்தார். அவர் தம்பியர் ரங்கநாதனும் விசுவநாதனும் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் இம்மரபைக் கற்பித்தனர். பாலசரசுவதிக்கு 1973இலும் பிருந்தாவுக்கு 1976இலும் சங்கீத கலாநிதி விருது அளித்தது மியூசிக் அகாதெமி. ஒரு தெருவின் ஒரு கூடத்தில் அடங்கியிருந்த இசை, தன் ஒலியைப் பெருக்கிக்கொள்ளாமலே கடல் கடந்தது.

அந்த வெள்ளிக்கிழமைகளை மீட்க இயலாது. அவ்வீணையும் அவ்விரலும் மறைந்தது ஒரு காரணம். அவ்வாறு கேட்ட செவிகளும் மறைந்தது மற்றொரு காரணம். சில பேரே கூடினாலும் உள்ளம் ஒன்றிக் கேட்பார்களாயின், கலை தன் முழு உயரத்தில் அங்கு எழுந்து நிற்கும் என்பதற்குத் தனம்மாளின் வாழ்வு சான்று. கவிதை படிக்கச் சிலராய்க் கூடுவோர்க்கு அச்சான்று என்றும் துணையாகும்.