மேரி பேலி மார்ஷல்

மேரி பேலி மார்ஷல் (அக்டோபர் 24, 1850 – மார்ச் 1944) இங்கிலாந்தைச் சேர்ந்த பொருளியலாளரும் ஆசிரியரும் ஆவார். கேம்பிரிட்ஜில் பொருளியல் விரிவுரை நிகழ்த்திய முதல் பெண் இவரே. பொருளியலாளர் ஆல்பிரட் மார்ஷலின் மனைவி என்றே பெரும்பாலும் குறிப்பிடப்படுகிறார். எனினும், பெண்களுக்குப் பொருளியலின் தொடக்கப் பாடங்களைக் கற்பித்த பணி இவருடைய தனிப் பணியாகும்.

இளமையும் கல்வியும்

இவரது தந்தை தாமஸ் பேலி, அஃபர்ட் என்னும் சிற்றூரில் பங்குத் தந்தையாக இருந்தார். இறையியலாளர் வில்லியம் பேலி இவருடைய கொள்ளுப் பாட்டனார். 18 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கெனக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் நடத்திய தேர்வில் தேறி, உதவித்தொகை பெற்று 1871 இல் கேம்பிரிட்ஜ் சென்றார். பெண்கள் தங்கிப் படிப்பதற்காக ஹென்றி சிட்விக் ஏற்பாடு செய்த வீட்டில் முதலில் சேர்ந்த ஐவருள் இவரும் ஒருவர். அவ்வீடே பின்னர் நியூன்ஹாம் கல்லூரியாக வளர்ந்தது. அங்கு ஆல்பிரட் மார்ஷலிடம் பொருளியல் பயின்றார்.

1874 இல் இவரும் ஏமி புல்லியும் அறநெறி அறிவியல் பட்டத் தேர்வை எழுதினர். பெண்களை அத்தேர்வுக்கு முறைப்படி அனுமதிக்காத காலம் அது; ஆகவே ஒரு பேராசிரியரின் வீட்டு வரவேற்பறையில் அமர்ந்தே எழுத வேண்டியிருந்தது. மேரிக்கு முதல் வகுப்பு அளிக்கத் தேர்வாளர்களுள் இருவரும், இரண்டாம் வகுப்பு அளிக்க இருவரும் கருத்துத் தெரிவித்தனர். எவ்வாறாயினும் பட்டம் வழங்கப்படவில்லை.

ஆசிரியப் பணி

1875 இல் சிட்விக்கின் அழைப்பை ஏற்று நியூன்ஹாம் மாணவியருக்குப் பொருளியல் கற்பிக்கத் தொடங்கினார். 1877 இல் ஆல்பிரட் மார்ஷலை மணந்தார். திருமணம் செய்துகொண்ட ஆய்வுறுப்பினர் பதவி இழக்க வேண்டும் என்ற விதியினால் இருவரும் கேம்பிரிட்ஜை விட்டு நீங்கினர். ஆல்பிரட் பிரிஸ்டலில் பல்கலைக்கழகக் கல்லூரியின் முதல்வரானார். அக்கல்லூரி தொடக்கம் முதலே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அங்கு மாலை வகுப்புகளை ஆல்பிரட்டும், பெண்களே மிகுதியாக வந்த பகல் வகுப்புகளை மேரியும் நடத்தினர். மேரிக்குரிய ஊதியத்தைக் கல்லூரி கணவரின் ஊதியத்திலிருந்து கழித்தே கொடுத்தது என்பது வேடிக்கையான செய்தி.

பல்கலைக்கழகத்துக்கு வெளியே நடைபெற்ற விரிவாக்க வகுப்புகளுக்குப் பாடநூல் ஒன்று எழுதுமாறு திருமணத்திற்கு முன்பே மேரியிடம் கேட்கப்பட்டிருந்தது. இருவரும் சேர்ந்து எழுதிய அந்நூல் 'தொழிற்றுறைப் பொருளியல்' என்று பொருள்படும் தலைப்பில் 1879 இல் வெளிவந்தது. நிலம், உழைப்பு, மூலதனம், விலை, கூலி, தொழிற்சங்கங்கள் ஆகியவற்றைப் புதிதாகப் படிப்போர்க்கு விளக்கிய சிறிய, மலிவான நூல் அது. காலப்போக்கில் ஆல்பிரட் அதன்மீது நாட்டமிழந்தார். 1892 இல் ஏறத்தாழ அதே தலைப்பில் தம் பெயரில் மட்டும் வேறொரு நூலை வெளியிட்டு, அதன் இடத்தில் வைத்தார்.

பிரிஸ்டலுக்குப் பின் ஆக்ஸ்போர்டில் சிறிது காலம் மாணவியருக்குக் கற்பித்தார். 1885 இல் கேம்பிரிட்ஜ் திரும்பியவர், 1908 வரை நியூன்ஹாமில் விரிவுரை நிகழ்த்தினார்.

பட்டச் சிக்கல்

பெண்களுக்குப் பட்டம் அளிப்பது பற்றிய விவாதம் 1896–97 இல் கேம்பிரிட்ஜில் மூண்டது. பெண்கள் பயில்வதற்குத் தொடக்கத்தில் துணைநின்ற ஆல்பிரட் இப்போது எதிர்ப்பணியில் நின்றார். 1897 இல் நடந்த வாக்கெடுப்பில் 661 பேர் ஆதரவாகவும் 1707 பேர் எதிராகவும் வாக்களித்தனர். மேரி கணவரை வெளிப்படையாக மறுத்துப் பேசவில்லை. மாணவியருக்குக் கற்பிப்பதை நிறுத்தவும் இல்லை. கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுப் பட்டம் வழங்கத் தொடங்கியது 1948 இல் தான்.

இறுதிக்காலம்

1924 இல் ஆல்பிரட் மறைந்தபின் அவருடைய நூல்களைப் பல்கலைக்கழகத்துக்கு அளித்தார். அவற்றைக் கொண்டு அமைந்த மார்ஷல் நூலகத்தில், மாணவர்களுக்கு நூல் எடுத்துக் கொடுக்கும் மதிப்புறு உதவி நூலகராக முதுமையிலும் பணியாற்றினார். மிதிவண்டியிலேயே நூலகம் சென்று வருவது இவரது வழக்கம். இவர் இறந்தபோது ஜான் மேனார்டு கெயின்ஸ் விரிவான நினைவுக் கட்டுரை எழுதினார். இவருடைய நினைவுக் குறிப்புகள் 1947 இல் நூலாக வெளிவந்தன.