மொறீசியசில் மறைந்த மகா அதிகாரி

இரணைமடுப் பக்கத்தில் வளரும் எம் மாணவர் பண்டாரவன்னியனை அறிந்த அளவிற்கு எகலப்பொலையை அறியார். 1811 இல் கண்டியரசின் முதலதிகாரியான இவர், 1814 இல் அரசனோடு பகைத்து ஆங்கிலேயரிடம் அடைக்கலம் புகுந்தார். கண்டியில் விட்டுவந்த மனைவியும் மக்களும் அரசாணையாற் கொலையுண்டனர். மறுவருடம் ஆங்கிலேயர் கண்டியைக் கைப்பற்றத் துணைநின்றார். அரசன் சிறைப்பட்டு வேலூருக்கு அனுப்பப்பட்டான். முடி தமக்காகும் என்றிருந்தார் போலும், ஆகவில்லை. 1818 ஆம் ஆண்டுக் கலகத்தின்போது ஐயுற்று இவரையே பிடித்தனர். குற்றம் எம்மன்றிலும் நிறுவப்படவில்லை என்பதே நாம் கருதத்தக்கது. கொழும்பிற் காவலில் வைத்து, 1825 இல் மொறீசியசுத் தீவுக்கு நாடுகடத்தினர். அங்கே இந்தியக் கைதிகள் நூற்றுக்கணக்கானோர் வீதி சமைத்து உழன்ற காலம் அது. இவருக்கோ தங்க வீடும் செலவுக்குப் பணமும் உண்டு. ஊர் திரும்பும் உத்தரவு மட்டும் இல்லை. 1829 ஏப்பிரலில் அங்கேயே உயிர்நீத்தார். இவராற் பிடிபட்ட அரசன் வேலூரில் 1832 வரை இருந்தான்.