இழை அறுந்தால் தறி நிற்க வேண்டும்

2023-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29 அன்று, ஜப்பானில் உள்ள டொயோட்டா நிறுவனத்தின் 14 வாகன ஆலைகளும் நின்றுபோயின. நிலநடுக்கம் இல்லை; வேலைநிறுத்தமும் இல்லை. உதிரிபாகங்களுக்கு ஆணை அனுப்பும் கணினிகளில் இரண்டு நாள்களுக்கு முன்பு பராமரிப்புப் பணி நடந்தது. அப்போது தரவுகளைச் சேமிக்கும் வட்டில் இடம் போதாமல் கணினிகள் முடங்கின. மாற்றாக வைத்திருந்த கணினிகளும் அதே அமைப்பில் இயங்கியதால் கைகொடுக்கவில்லை. உலகிலேயே அதிக வாகனங்களை விற்கும் நிறுவனத்தின் உள்நாட்டு உற்பத்தி இப்படித்தான் முடங்கியது.

கார் பிரியர்கள் கூடிப் பேசும் இடங்களில் இப்போது எஞ்சினின் குதிரைத் திறனைவிட மென்பொருளே அதிகம் அடிபடுகிறது. புதிய மென்பொருள் வந்த பிறகு திரை உறைந்துபோகிறது என்கிறார் ஒருவர். மென்பொருள் முடியாததால் ஃபோக்ஸ்வேகன் குழுமம் புதிய மாடல்களின் வெளியீட்டைத் தள்ளிவைத்ததை நினைவூட்டுகிறார் இன்னொருவர். நூறாண்டுகளாக இரும்பையும் எஃகையும் ஆண்ட நிறுவனங்கள், கண்ணுக்குத் தெரியாத கட்டளை வரிகளின் முன்னே தடுமாறுகின்றன. பழைய தொழிலில் தேர்ந்த ஒரு நிறுவனம் புதிய தொழில்நுட்பத்துக்குள் எப்படிக் காலடி எடுத்து வைப்பது, அதற்கான விலையை யார் கொடுப்பது என்பதே இந்தப் பேச்சுகளின் அடியில் உள்ள கேள்வி.

தொழில்துறைப் பொருளாதாரத்தைப் பல ஆண்டுகள் கற்பித்தவன் என்ற முறையில், இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் என் நினைவுக்கு வருபவர் கீச்சிரோ டொயோடா. அவர் உருவாக்கிய நிறுவனத்தின் பெயரை அறியாதவர் இல்லை. ஆனால், அந்த நிறுவனம் தலைநிமிரும் முன்பே அவர் பதவியைத் துறந்தார் என்பதையும், அதன் வெற்றியைக் காணாமலே மறைந்தார் என்பதையும் அறிந்தவர்கள் குறைவு.

கீச்சிரோ பிறந்தது 1894 ஜூன் 11. அவருடைய தந்தை சகிச்சி டொயோடா ஒரு தச்சரின் மகன். முறையான பொறியியல் கல்வி இல்லாமலே தறிகளைக் கண்டுபிடித்துப் புகழ்பெற்றவர். சகிச்சியின் தறிகளில் ஒரு தனித்தன்மை உண்டு. இழை அறுந்தால் தறி தானாகவே நின்றுவிடும். அதுவரை, அறுந்த இழையைக் கவனிக்காமல் தறி ஓடிக்கொண்டே இருந்தால் முழ முழமாகப் பழுதான துணி நெய்யப்படும். அதைத் தடுக்க ஒவ்வொரு தறிக்கும் ஆள் காவல் நிற்க வேண்டும். தவற்றைத் தானே உணர்ந்து நிற்கும் தறி வந்ததும், ஒரே தொழிலாளி பல தறிகளைக் கவனிக்க முடிந்தது. கணினி என்ற சொல் பரவுவதற்கு நெடுங்காலம் முன்பே, எந்திரத்துக்குள் ஒரு சிறு அறிவைப் பொதிந்துவைத்த முயற்சி அது.

தோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தில் எந்திரப் பொறியியல் முடித்த கீச்சிரோ, 1921-இல் வெளிநாடு சென்றார். இங்கிலாந்தின் ஓல்டாம் நகரில், அந்நாளில் உலகின் முன்னணி நெசவு எந்திர நிறுவனமாக விளங்கிய பிளாட் பிரதர்ஸின் ஆலையில் தங்கித் தொழில் நுணுக்கங்களைக் கவனித்தார். நாடு திரும்பித் தந்தையுடன் இணைந்து உழைத்ததன் விளைவே 1924-இல் உருவான ஜி வகைத் தானியங்கித் தறி. ஓட்டம் நிற்காமலேயே அது நாடாவை மாற்றிக்கொண்டது. அதைத் தயாரிப்பதற்காக 1926-இல் டொயோடா தானியங்கித் தறி நிறுவனம் தொடங்கப்பட்டது. 1929 டிசம்பரில் அதே பிளாட் பிரதர்ஸ் அந்தத் தறியின் காப்புரிமையை 1,00,000 பவுண்டுக்குப் பெற ஒப்பந்தம் செய்தது. கற்கப் போன இடமே எட்டு ஆண்டுகளில் வாடிக்கையாளராக வந்து நின்றது.

சாதாரண மனிதர் அதோடு நிறைவடைந்திருப்பார். கீச்சிரோவின் கண்ணோ சாலைகளின் மேல் இருந்தது. 1923-இல் நிகழ்ந்த கான்டோ பெருநிலநடுக்கத்தில் தோக்கியோவின் ரயில், டிராம் பாதைகள் சிதைந்தன. அந்த இடைவெளியில் அமெரிக்க வாகனங்கள் ஜப்பானுக்குள் நுழைந்தன. 1925-இல் ஃபோர்டு யோகஹாமாவிலும், 1927-இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஒசாகாவிலும் அமெரிக்காவிலிருந்து வரும் பாகங்களைக் கொண்டு கார்களைப் பூட்டித் தரும் ஆலைகளைத் தொடங்கின. இந்த இரு நிறுவனங்களோடு ஒரு தறி நிறுவனம் போட்டியிடுவதா என்று நகைத்தவர்கள் பலர். சகிச்சி 1930-இல் காலமானார். அவருக்குப் பின் தறி நிறுவனத்தின் பொறுப்பில் இருந்த மைத்துனர் ரிசாபுரோவுக்கும் இந்த முயற்சியில் முதலில் தயக்கமே இருந்தது.

1933 செப்டம்பரில் தறி நிறுவனத்துக்குள்ளேயே வாகனப் பிரிவு தொடங்கப்பட்டது. ஒரு செவர்லே காரை வாங்கி, திருகு திருகாகக் கழற்றி, ஒவ்வொரு பாகத்தையும் வரைபடமாக்கினார்கள். பார்த்து வரைவது எளிது, வார்த்தெடுப்பது அரிது. தறிச் சட்டங்களை வார்த்துப் பழகிய கைகளுக்கு எஞ்சின் உருளைகள் வசப்படவில்லை. வார்ப்புகள் திரும்பத் திரும்பப் பாழாயின. ஒருவழியாக ஓடிய முதல் எஞ்சினும் மூல எஞ்சினின் ஆற்றலை எட்டவில்லை. காப்புரிமைப் பணமே கார் தொழிலுக்கு முதலானது என்று பரவலாகச் சொல்வார்கள். உண்மையில் இத்தனை ஆண்டுச் சோதனைகளின் பாரத்தையும் தாங்கியது தறித் தொழில்தான். பொருளாதார நூல்கள் கற்றலின் செலவு என்று குறிப்பிடுவதை, கரியா நகர வார்ப்படச் சாலையில் குவிந்த உடைசல் இரும்பு கண்முன் காட்டியது.

1935 மே மாதத்தில் ஏ-1 என்ற முதல் மாதிரிக் கார் உருவானது. அவ்வாண்டு நவம்பரில் ஜி-1 என்ற லாரி தோக்கியோவில் அறிமுகமானது. அறிமுக விழாவுக்குப் போகும் வழியிலேயே அது பழுதாகி நின்றது என்பது அந்த நிறுவனமே மறைக்காமல் பதிவு செய்திருக்கும் செய்தி. விற்ற லாரிகளும் அடிக்கடி பழுதாயின. நிறுவனம் ஆட்களை அனுப்பிச் செலவில்லாமல் சரிசெய்து கொடுத்தது. பழுதான ஒவ்வொரு பாகமும் வடிவமைப்பாளரின் மேசைக்குத் திரும்பி வந்து திருத்தப்பட்டது. இழை அறுந்தால் நிறுத்திப் பார்க்கும் தறியின் பண்பை, மகன் லாரிக்குக் கொண்டுவந்தார்.

இந்த வரலாற்றில் அரசின் கையும் உண்டு என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 1936-இல் இயற்றப்பட்ட வாகன உற்பத்தித் தொழில் சட்டம், உரிமம் பெற்ற உள்நாட்டு நிறுவனங்களுக்குச் சலுகையும், அமெரிக்க நிறுவனங்களுக்குக் கட்டுப்பாடும் விதித்தது. அதன் பின்னே ராணுவத்தின் தேவை இருந்தது. 1937 ஆகஸ்டில் டொயோட்டா மோட்டார் நிறுவனம் தனியாகப் பதிவு செய்யப்பட்டபோது, சீனாவுடன் போர் மூண்டிருந்தது. பயணியர் காரைக் கனவு கண்டவர், ராணுவத்துக்கு லாரி செய்து கொடுத்தே நிறுவனத்தை நிலைநிறுத்தினார். தடையற்ற சந்தையின் வெற்றிக் கதையாக இதை எழுதுபவர்கள் பாதிக் கதையைத்தான் எழுதுகிறார்கள்.

1938 நவம்பரில் கொரோமோ என்ற ஊரில் பெரிய ஆலை திறக்கப்பட்டது. இன்று அந்த ஊரே டொயோட்டா நகரம் என்று அழைக்கப்படுகிறது. அங்குதான் கீச்சிரோ தம் புகழ்பெற்ற கோட்பாட்டை நடைமுறைப்படுத்த முனைந்தார். தேவையான பாகம், தேவையான அளவில், தேவையான நேரத்தில் வந்தால் போதும். கிடங்கில் குவித்து வைப்பது பணத்தை முடக்குவதோடு குறைகளையும் மறைக்கும் என்பது அவருடைய எண்ணம். உற்பத்தி ஓட்டம் எப்படி அமைய வேண்டும் என்று தடித்த கையேடு ஒன்றைத் தாமே எழுதிப் பணியாளர்களுக்குக் கற்பித்தார். போர்க்கால நெருக்கடி அந்த முயற்சியைக் குலைத்தது. பின்னாளில் தாய்ச்சி ஓனோ என்ற பொறியாளர் அதை முழுமையான முறைமையாக வளர்த்தெடுத்தார். 2023-இல் கணினி முடங்கியதும் ஆலைகள் உடனே நின்றதற்குக் காரணம், மாதக் கணக்கில் உதிரிபாகங்களைக் குவித்து வைக்காத இந்த ஏற்பாடுதான்.

1945-இல் போர் முடிந்தபோது நாடு சாம்பலாகிக் கிடந்தது. மூன்றே ஆண்டுகளில் அமெரிக்காவை எட்டிப்பிடிக்க வேண்டும், இல்லையேல் ஜப்பானின் வாகனத் தொழில் பிழைக்காது என்று கீச்சிரோ தம் பணியாளர்களிடம் கூறினார். லாரி செய்ய அனுமதி கிடைத்தது. ஆனால், அடுத்து வந்த அடி பொருளாதாரக் கொள்கையின் வடிவில் வந்தது. கட்டுக்கடங்காத பணவீக்கத்தை ஒடுக்க, டெட்ராய்ட் நகர வங்கியாளரான ஜோசப் டாட்ஜ் 1949-இல் கடுமையான சிக்கன நடவடிக்கைகளைப் பரிந்துரைத்தார். பணவீக்கம் அடங்கியது, கூடவே கடன் வழிகளும் வறண்டன. தவணைக்கு லாரி வாங்கியவர்களிடமிருந்து பணம் வரவில்லை. எஃகின் விலை ஏறியது. லாரியின் விலையோ கட்டுப்பாட்டில் இருந்தது. நிசானும் இசுசுவும் ஆட்களைக் குறைத்தன.

கீச்சிரோ அதைச் செய்ய மறுத்தார். 1949 டிசம்பரில் தொழிற்சங்கத்துடன் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. தொழிலாளர்கள் ஊதியத்தில் 10 சதவீதத்தை விட்டுக்கொடுத்தார்கள். பதிலுக்கு யாரும் பணிநீக்கம் செய்யப்படமாட்டார்கள் என்று நிர்வாகம் வாக்களித்தது. அதே மாதத்தில் பணத் தட்டுப்பாடு முற்றியது. ஜப்பான் மைய வங்கியின் நகோயா கிளை முன்னின்று வங்கிகளை ஒன்றுதிரட்டிக் கடன் பெற்றுத் தந்தது. கடனோடு நிபந்தனைகளும் வந்தன. விற்பனைப் பிரிவைத் தனி நிறுவனமாகப் பிரிக்க வேண்டும். ஆட்களைக் குறைக்க வேண்டும்.

1950 ஏப்ரலில், சுமார் 1,600 பேர் தாமாக விலக வேண்டும் என்ற திட்டம் தொழிலாளர்கள் முன் வைக்கப்பட்டது. கொடுத்த வாக்கு நான்கே மாதங்களில் முறிந்தது. வேலைநிறுத்தம் வெடித்தது, இரண்டு மாதம் நீடித்தது. வாக்கை நம்பி ஊதியத்தை விட்டுக்கொடுத்தவர்களின் சினத்துக்கு நியாயம் இருந்தது. வங்கிகளின் நிர்ப்பந்தத்துக்கும் கணக்குப்படி காரணம் இருந்தது. இரண்டுக்கும் நடுவே நின்ற கீச்சிரோ, ஜூன் தொடக்கத்தில் தலைவர் பதவியிலிருந்து விலகினார். தொழிலாளர்களை வெளியே அனுப்பும் நிறுவனத்தில் தாம் மட்டும் நாற்காலியில் அமர்ந்திருப்பதை அவர் ஏற்கவில்லை. அதன் பிறகே பூசல் ஓய்ந்தது. தறி நிறுவனத்தின் தலைவராக இருந்த இஷிதா தைசோ பொறுப்பேற்றார்.

மூன்று வாரங்கள்கூட ஆகவில்லை. ஜூன் 25 அன்று கொரியப் போர் மூண்டது. அமெரிக்க ராணுவம் ஆயிரக்கணக்கில் லாரிகளுக்கு ஆணை கொடுத்தது. நட்டத்தில் மூழ்கிய நிறுவனம் லாபத்தில் மிதந்தது. போர் ஒரு மாதம் முன்னதாக மூண்டிருந்தால் அந்தத் தொழிலாளர்கள் வெளியேறியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கத் தோன்றுகிறது. பிறருடைய துயரத்தில் விளைந்த செல்வம் அது என்பதையும் மறப்பதற்கில்லை. ஒரு நிறுவனத்தின் எழுச்சியில் திறமைக்கு எவ்வளவு பங்கு, தற்செயலுக்கு எவ்வளவு பங்கு என்று மாணவர்கள் கேட்டபோதெல்லாம் நான் இந்த மூன்று வாரக் கணக்கைச் சொல்லியிருக்கிறேன்.

நிலைமை சீரானதும் கீச்சிரோவை மீண்டும் தலைவராக்க இஷிதா முயன்றார், அவரும் இசைந்தார். ஆனால், 1952 மார்ச் 27 அன்று மூளையில் ஏற்பட்ட ரத்தக்கசிவால் கீச்சிரோ காலமானார். வயது 57. அவர் கனவு கண்ட முழு அளவிலான பயணியர் கார், கிரவுன் என்ற பெயரில் 1955-இல்தான் வெளிவந்தது.

இந்த வாழ்க்கை இன்றைய வாகனத் துறைக்குச் சொல்வது என்ன? 2023 டிசம்பரில் டொயோட்டாவின் துணை நிறுவனமான டைஹட்சுவில் பாதுகாப்புச் சோதனை முறைகேடுகள் அம்பலமாயின. விசாரணைக் குழு கண்டறிந்தவற்றுள் மிகப் பழையது 1989-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வாகனத்தை விரைந்து முடிக்க வேண்டும் என்ற அளவுகடந்த நெருக்கடியே காரணம் என்று குழு கூறியது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இழை அறுந்திருந்தது. தறியை நிறுத்த யாரும் துணியவில்லை. எந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்த பாடத்தை மனிதர்கள் மறந்தார்கள்.

மென்பொருள் யுகத்தில் இந்த ஆபத்து இன்னும் பெரிது. வார்ப்படச் சாலையில் பாழான இரும்பு கண்ணுக்குத் தெரியும். கட்டளை வரிகளில் உள்ள பிழை தெரியாது. விற்ற பிறகு திருத்திக்கொள்ளலாம் என்ற வசதி, முடியாத பொருளை விற்கும் துணிச்சலைத் தருகிறது. பழுதான லாரிகள் டொயோட்டாவிடமிருந்தும் சந்தைக்கு வந்தன. ஆனால், அந்தப் பழுதின் செலவை நிறுவனம் ஏற்றது. இன்று அந்தச் செலவு சத்தமில்லாமல் வாங்குபவர் தலையில் விழுகிறது. மாற்றத்தின் சுமை எஞ்சின் ஆலைத் தொழிலாளியின் தலையில் விழுகிறது.

உலகின் பெரிய வாகன நிறுவனங்கள் மின்சாரக் கார், மென்பொருள் கார் என்று மாறும் முயற்சியில் ஆள்குறைப்பை அறிவித்துவருகின்றன. அந்த முடிவுகளில் சில தவிர்க்க முடியாதவையாகவே இருக்கலாம். கீச்சிரோவாலும் அதைத் தவிர்க்க முடியவில்லை. ஆனால், கொடுத்த வாக்கு முறிந்தபோது அதன் விலையில் தம் பங்கை அவர் செலுத்தினார். ஆள்குறைப்பை அறிவித்த ஆண்டிலேயே தலைமை அதிகாரிக்கு ஊக்கத்தொகை வழங்கும் நிர்வாகக் குழுக்கள், அவரைப் பற்றி ஒருமுறை படித்துவிட்டுக் கையெழுத்திடுவது நல்லது.